சத்தமா சொல்லு

எங்கள் தெருவில் யாருக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. மருந்துக்கடை எதிரே கொஞ்ச நேரம் நின்றால் போதும். கடைக்காரர் மருந்துச் சீட்டை வாங்குவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், அலமாரியில் தேடி எடுப்பார், பிறகு தெருமுனை வரை கேட்கிற மாதிரி ஏலம் போடுவார். "மூலத்துக்குக் களிம்பு யாருது? ராத்திரி மட்டும் தடவணும்!" தையற்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போவார். வாத்தியாரம்மாவின் பல் சொந்தப் பல் இல்லை என்பதும், அடுத்த சந்துப் பெண் உண்டாகியிருக்கிறாள் என்பதும் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் புருஷனுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்செட்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிறவள் நான். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். "அக்குள் அரிப்புக்குப் பவுடர், மெழுகுவத்திக்கார அக்காவுக்கு!" என்று ஒருநாள் கூவினார். அன்று முழுக்க என்னிடம் வந்தவர்கள் மெழுகுவத்தியை அவர்களே எடுத்துக்கொண்டார்கள், என் கையைத் தொடவில்லை. சண்டைக்குப் போனேன். "மருந்து மாறினா உயிரு போயிடும் அக்கா. சத்தமா சொன்னாத்தான் தப்பு நடக்காது" என்றார். சும்மா சொல்லக் கூடாது, இத்தனை வருஷத்தில் அவர் கையால் ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. மானம்தான் போயிருக்கிறது.

வாடிக்கையாளர்களும் அவரிடம் கத்தியே பேச வேண்டும். தணிந்த குரலில் யாராவது ஏதாவது கேட்டால், "சத்தமா சொல்லு, காதுல விழல" என்பார். திமிர் என்று நினைத்தோம்.

அவர் கத்துகிற கத்தலுக்கு ஈடுகட்டவோ என்னவோ, அவர் மனைவிக்குக் குரலே கிடையாது. அவள் பேசுவதைக் கேட்கப் பக்கத்தில் போக வேண்டும். என்னை அக்கா என்பாள், நான் தங்கச்சி என்பேன். பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் "என்னது?" என்று அதட்டுவது எங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்கும். அவள் "ஒண்ணுமில்ல" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தத் தங்கச்சிதான் ஒருநாள் திடீரென்று தினமும் கோயிலுக்கு வர ஆரம்பித்தாள்.

எங்கள் கோயிலில் பக்கவாட்டு மாடத்தில் ஒரு புனிதரின் சிலை, அதாவது சுரூபம், இருக்கிறது. நாங்கள் வைத்தியர் என்போம். ரொம்ப ரொம்பப் பழைய காலத்து ஆள். இளம் வயது, சுருட்டை முடி, மீசை முளைக்காத முகம். ஒரு கையில் மருந்துப் பெட்டி, இன்னொரு கையில் நீளமான சின்னக் கரண்டி. நோயாளிகளிடம் எதுவும் வாங்காமல் வைத்தியம் பார்த்தாராம். ஊரில் மற்ற வைத்தியர்கள் வாசலில் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, இவர் வாசலில் மட்டும் கூட்டம். வயிற்றெரிச்சல் தாங்காமல் அவர்களே ராஜாவிடம் போய் இவர் கிறிஸ்துவை நம்புகிறவர் என்று காட்டிக்கொடுத்தார்கள். தலையை வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நோய் நொடி என்றால் ஜனங்கள் அவரிடம்தான் வருகிறார்கள். என் பிழைப்பும் அவரால்தான் ஓடுகிறது.

மைக்செட்டுக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. "நான் குடுத்த மாத்திரையில காய்ச்சல் நிக்குது, மெழுகுவத்தி அவனுக்கு ஏத்துறாங்க" என்று புலம்புவார். ஆனால் அதெல்லாம் தொழில் போட்டி, சிரித்துக்கொண்டே சொல்வது. பெண்டாட்டி தினமும் போக ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளும் சும்மா வரவில்லை. முகம் கழுவி, தலை வாரி, நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு வருவாள். என்னிடம் ஒரு மெழுகுவத்தி வாங்குவாள். மாடத்தின் முன்னால் முழங்கால் போட்டு, சுரூபத்தின் பாதத்தோடு வாயை வைத்துக்கொண்டு பேசுவாள். ஜெபம் இல்லை, பேச்சு. ஜெபம் என்றால் உதடு ஒரே தாளத்தில் ஓடும். இவள் சொல்லுவாள், நிறுத்துவாள், யோசிப்பாள், மறுபடியும் சொல்லுவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவாள். முகம் தெளிந்திருக்கும்.

"உள்ள என்ன அக்கா பேசுறா?" என்று மைக்செட் என்னைக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நான் வாசல்ல இருக்கேன்."

"அவ என்கிட்ட வருஷத்துக்கே அவ்வளவு பேச மாட்டா. அப்படி என்ன இருக்கு அவன்கிட்ட?"

"சுருட்டை முடி இருக்கு" என்றேன். வாயைக் கொடுத்தது தப்பு. மறுநாள் மனிதர் தன் கடையில் நரைக்கு விற்கிற மையையே எடுத்துத் தலைக்குப் பூசிக்கொண்டு வந்து நின்றார். மிச்சமிருந்த முடியோடு வழுக்கையின் ஓரமும் கறுத்துவிட்டது. தெருவே சிரித்தது. தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை, கவனிக்கவே இல்லை. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

வலித்தது எனக்கும்தான். உண்மையைச் சொல்கிறேனே, எனக்கும் அவள்மேல் காந்தல். இத்தனை வருஷம் அக்கா அக்கா என்று என் மெழுகுவத்திப் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்தவள், மனசில் இருப்பதை என்னிடம் சொல்லாமல் என்னைத் தாண்டி உள்ளே போகிறாள். வாயை எவ்வளவோ பிடுங்கிப் பார்த்தேன். பிடி கொடுக்கவில்லை. "அவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு அக்கா" என்றாள். அப்படியானால் நான் சொல்லுவேன் என்றுதானே அர்த்தம்! சொல்லியிருப்பேன்தான். அதற்காக முகத்துக்கு நேரே சொல்வதா?

மைக்செட் நாளுக்கு நாள் மோசமானார். வைத்தியரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களிடம், "அங்கயே மருந்தும் வாங்கிக்கிறது!" என்பார். "பெட்டியைத் தூக்கிட்டு நின்னா வைத்தியனா? லைசென்ஸ் இருக்கா அவனுக்கு?" என்பார். ஒருநாள் என்னிடம், "அவனைக் காட்டிக்குடுத்த டாக்டருங்க பக்கமும் ஏதாவது நியாயம் இருந்திருக்கும் அக்கா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அவர் சரியாகத் தூங்கியே நாளாகியிருக்கும் போலிருந்தது.

அதற்கப்புறம்தான் அந்தக் காகிதப் பை விவகாரம். காலையில் கடையைக்கூடத் திறக்காமல் நேரே என்னிடம் வந்து, கசங்கிய ஒரு பையைப் பெட்டிமேல் வைத்தார். கடைவீதிப் பக்கம் இருக்கிற வேறொரு மருந்துக்கடையின் பெயர் அதில் அச்சடித்திருந்தது. உள்ளே வலிக்கான மாத்திரை, பாதி தீர்ந்திருந்தது.

"அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருந்துச்சு" என்றார். "வீட்டுக்குக் கீழயே கடை. அலமாரி நிறைய இதே மாத்திரை. இவ பஸ் ஏறிப் போய் இன்னொருத்தன்கிட்ட வாங்கியிருக்கா."

மருந்துக்கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. அவள் இன்னொருவனோடு சினிமாவுக்குப் போயிருந்தாலும் இவ்வளவு உடைந்திருக்க மாட்டார்.

"அவகிட்ட கேளுங்களேன்" என்றேன்.

"கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவா. அவன்கிட்ட சொல்லுவா. அவன்கிட்டதான் எல்லாம் சொல்லுவா." பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதே வாரம், கோயிலைக் கூட்டிப் பராமரிக்கிற கோயில்பிள்ளை அவரிடம் கரையான் பொடி கேட்டு வந்தான். வைத்தியரின் மாடத்துக்குப் பின்னால் பூச்சாடிகளும் துணிகளும் போட்டுவைக்கிற சின்ன அறை உண்டு. அங்கிருந்து மாடத்துக்கு ஒரு மரக்கதவு இருக்கிறது, சுரூபத்தைத் துடைப்பதற்காக. அந்தக் கதவில்தான் கரையான். "நீ போ, நானே வந்து போடுறேன்" என்றாராம் மைக்செட். கோயில்பிள்ளைக்கு ஆச்சரியம். கோயில் படி மிதிக்காத மனிதர், வைத்தியருக்கே மருந்து போட வருகிறேன் என்கிறார்!

மறுநாள் காலையில் நான் கோயிலுக்குள் இருந்தேன். மெழுகுவத்தித் தட்டில் உருகி உறைந்ததை வாரத்துக்கு ஒருமுறை கரண்டியால் சுரண்டி எடுப்பேன். அதை உருக்கித்தான் புதிய வத்தி வார்ப்பது. தூணுக்குப் பின்னால் குந்தியிருந்ததால் தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. கோயிலில் வேறு யாரும் இல்லை. அவள் மெழுகுவத்தியை ஏற்றி வைத்தாள், முழங்கால் போட்டாள், பாதத்தோடு வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள். நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு எழுத்துக்கூட விழவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்கவில்லை.

அப்போது வைத்தியர் பேசினார்.

"சத்தமா சொல்லு, காதுல விழல!"

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. தங்கச்சி பின்னால் சாய்ந்து தரையில் கையை ஊன்றினாள். சுரூபத்தைப் பார்த்தாள், கரண்டி விழுந்த சத்தத்துக்கு என்னையும் பார்த்தாள். அந்தக் குரலைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் உண்டா? வாழ்நாள் பழக்கம், மனிதருக்கு எங்கே நிற்கிறோம் என்பது மறந்து வாயில் வந்துவிட்டது.

அவள் எழுந்து நின்றாள். ஓடிப்போவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"சத்தமா சொல்லணுமா?" என்றாள். "சரி, சொல்றேன். என் இடது மார்புல கட்டி இருக்கு."

அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கோயில் முழுக்கக் கேட்டது.

"மழைக்கு முன்னாடியே தெரியும். முதல்ல புளியங்கொட்டை அளவு இருந்துச்சு. இப்ப வலிக்குது. இதைத்தான் தினமும் சொல்றேன். போதுமா? விழுந்துச்சா?"

உள்ளே பூச்சாடி ஒன்று உருண்டது. பக்கக் கதவைத் திறந்துகொண்டு மைக்செட் வந்தார். மை பூசிய தலை, தோள், புருவம் எல்லாம் கரையான் பொடி வெள்ளையாக அப்பியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். அதையும் கத்தித்தான் கேட்டார்.

"உங்ககிட்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி. டாக்டர்கிட்ட போனா சீட்டு உங்க கடைக்குத்தான் வரும். கையில வச்சுக்கிட்டு என்ன கூவுவீங்கன்னு எனக்குத் தெரியும். எங்க அக்காவுக்கு வந்தப்ப என்ன பண்ணீங்க, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, எனக்கு வந்துவிட்டது. தங்கச்சியின் உடன்பிறந்த அக்கா எங்கள் தெருவில்தான் குடியிருந்தாள். ஒருநாள் துணியால் தலையை மூடிக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். "புற்றுநோய் மாத்திரை யாருது? சாப்பாட்டுக்கு அப்புறம்!" என்று குரல் வந்தது. வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டு விலகினார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னைக்கு வீட்டுக்குள்ள போனவதான்" என்றாள் தங்கச்சி. "அப்புறம் தூக்கிட்டுப் போற வரைக்கும் வாசலுக்கு வரல. மருந்து வாங்கவும் ஆள் அனுப்பல. இவரு கத்த மாட்டாரு." வைத்தியரைக் கை காட்டினாள். "அதான் இவர்கிட்ட சொன்னேன்."

மைக்செட் சுரூபத்தை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அத்தனை நாள் இருந்த ஆங்காரம் இல்லை, ஆனால் பொறாமை அப்படியே இருந்தது. தன்னிடம் வந்திருக்க வேண்டியது இவனிடம் வந்து சேர்ந்திருக்கிறதே என்கிற பொறாமை. இத்தனைக்கும் அந்தச் சுருட்டைத்தலையன் ஒன்றும் செய்யவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

"கிளம்பு" என்றார் அவளிடம். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அக்காவும் வரட்டும்" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தைக்கு என் காந்தல் எல்லாம் இறங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்கிற இடத்தில் கண்ணாடித் தடுப்பு. கீழே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்தவன் தலையைத் தூக்காமல், "என்ன பிரச்சனை?" என்றான். மைக்செட் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தக் கூடம் முழுக்க ஜனம். குனிந்து, ஓட்டையில் வாயை வைத்து, என்னவோ சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க சார், கேக்கல."

மறுபடியும் குனிந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்தத் தொண்டை தணிந்து பேசிப் பழகியதில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

"மார்புல கட்டியா?" என்று உள்ளே இருந்தவன் கூடம் அதிரக் கேட்டான். "பேஷன்ட் யாரு? இந்த அம்மாவா? அந்த வரிசைல போய் உக்காரச் சொல்லுங்க!"

எல்லாத் தலையும் திரும்பியது. மைக்செட் சட்டென்று நகர்ந்து, கையை விரித்துக்கொண்டு, அவளை மறைத்தபடி நின்றார். முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. அக்குள் பவுடருக்கு நான் பட்ட பாட்டுக்கு, இப்படி ஒரு நாள் அவருக்கு வர வேண்டும் என்று எத்தனை தடவை வேண்டியிருப்பேன்! வந்தபோது எனக்குச் சந்தோஷமே இல்லை.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, ஊசியால் கொஞ்சம் எடுத்து அனுப்பினார். முடிவுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் காத்திருப்பு நாட்களில் எங்கள் தெருவே குழம்பிப்போனது. மருந்துக்கடையில் சத்தமே இல்லை. எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றி, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மேலே எழுதி, பேசாமல் தள்ளிவிடுகிறார். "என்ன அக்கா, மைக்செட் ரிப்பேரா?" என்று தையற்காரர் என்னிடம் கேட்டார். எல்லாம் தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

ஒரு காலை, கோயில் திறந்த உடனே மைக்செட் வந்தார். என்னிடம் இருந்ததிலேயே தடியான மெழுகுவத்தியைக் கேட்டார்.

"யாருக்கு?" என்றேன்.

"அவனுக்குத்தான். அவன்கூட எனக்குக் கொஞ்சம் பேச்சு இருக்கு."

உள்ளே சண்டை போடப் போகிறார் என்று பின்னாலேயே போனேன். சுரூபத்தின் பாதத்தோடு வாயை வைத்துக்கொண்டு மனிதர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். மைக்செட் கிசுகிசுப்பதை அன்றுதான் பார்த்தேன். காதைத் தீட்டியும் பயனில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

முடிவு சொல்கிற நாளில் டாக்டரம்மா அறைக்குள் ஒருவர்தான் துணைக்கு வரலாம் என்றார்கள். "அக்கா வரட்டும்" என்றாள் தங்கச்சி. மைக்செட்டின் முகம் சுருங்கியது. ஆனாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

புற்றுநோய்தான். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. மார்பு தாண்டிப் பரவவில்லை, அறுவை செய்து எடுத்துவிடலாம், அதற்கு மேல் நீண்ட வைத்தியம் இருக்கிறது, முடி கொட்டும், ஆனால் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். "இன்னும் தள்ளிப்போட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். தங்கச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வரும்போது என் கையை இறுக்கமாகப் பிடித்திருந்தாள்.

"நானே சொல்லிக்கிறேன் அக்கா" என்று என் கையை விட்டாள்.

நான் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்துச் சொன்னாள். நிதானமாக, விட்டு விட்டு, சுரூபத்திடம் பேசுவாளே, அதே மாதிரி சொன்னாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்து அவர் முகத்தையே பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதோ வரப்போகிறது அந்த வார்த்தை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இந்தக் காது கேக்காது" என்றார்.

"என்ன?"

"இந்தப் பக்கம் கேக்காது. ரொம்ப வருஷமாச்சு. அந்தக் காதும் பாதிதான். மருந்துக்கடைக்காரனுக்குக் காது போச்சுன்னா யாரு என்னை நம்பி வருவா? மருந்து மாத்திக் குடுத்துடுவேனோன்னு தினமும் பயம். நான் எடுத்த மருந்தைச் சொல்றது எனக்கே கேக்கணும்ல, அதுக்குத்தான் கத்துவேன்." தலையைக் குனிந்துகொண்டார். "நீ இப்ப சொன்னது எதுவும் எனக்கு விழல. வீட்டுல நீ சொல்றதும் பாதி விழாது."

எத்தனையோ "என்னது?", எத்தனையோ "ஒண்ணுமில்ல." அவள் அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

"இது யாருக்குமே தெரியாதா?" என்றாள்.

"தெரியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒருத்தனுக்குத்தான் தெரியும். போன வாரம் சொன்னேன்."

"எவனுக்கு?"

"அவன்தான். உன் சுருட்டைத்தலையன்."

தங்கச்சியின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! டாக்டரம்மா சொன்னபோதுகூடச் சிவக்காத முகம்.

"பொண்டாட்டின்னு நான் ஒருத்தி இருக்கேன்!" என்று கத்தினாள். "என்கிட்ட சொல்லாம அவர்கிட்ட போய்ச் சொன்னீங்களா?"

நடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்தாள். அவருக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது. நகர்ந்து, வலது பக்கம் அவளுக்கு இடம் விட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.